மஞ்சள் படிந்த பத்து ரூபாய்

பாகூர் ஏரிக்கரைத் திருப்பத்தில் மணியம்மாள் காலிப் பூக்கூடையோடு பஸ்ஸில் ஏறினாள். ஏறிய வேகத்தில் காசை நீட்டினாள். கண்டக்டர் பலராமன் பார்க்காமலேயே வாங்கி, பார்க்காமலேயே தோல்பையில் போடப் போனான். விரல்தான் முதலில் கண்டுபிடித்தது. காசின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு. அவன் பெருவிரல் நகம் அதில் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

உள்ளங்கையை விரித்து, டிரைவர் தலைக்கு மேல் எரிந்த நீல விளக்கில் பிடித்தான். பத்து ரூபாய். தென்னை மரம் போட்டது. மரத்தடியில், எழுத்துகளின் இடுக்கில், என்ன தேய்த்தாலும் போகாத மஞ்சள்.

அவனுடைய காயின். இருபத்து மூன்று நாட்களாகக் காணாமல்போயிருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று.

"விசில் குடுடா! இன்னா, நின்னுக்கினே தூங்குறியா?" என்று முன்னாலிருந்து கத்தினான் டிரைவர் அன்புராஜ்.

பலராமன் இரட்டை விசில் கொடுத்தான். பஸ் நகர்ந்தது. அவன் நகரவில்லை. மணியம்மாளின் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"மணியம்மா, இது உனக்கு ஏது?"

"ஏன், உங்கிட்டயுமா செல்லாது? கோயில்ல பூவுக்குக் காயினாத்தான் குடுத்தானுங்க. எவன் வாங்குறான்? டீக்கடைக்காரன் எடுத்து வீசுறான். சரி, காயின் கண்டக்டர் இருக்காரு, பாத்துக்கலாம்னு வாங்கியாந்தேன்."

"எந்தக் கோயில்?"

"நான் பூ குடுக்கிறது ஒரே கோயில்தான். ஏரிக்கரை அம்மன். ஆடி முடிஞ்சி உண்டியல் தொறந்தாங்கல்ல, அந்தக் காசு." அவள் முந்தானை முடிச்சைத் தட்டிக் காட்டினாள். "இன்னும் இருக்குது. தெனம் ஒண்ணா உங்கிட்டயே தள்ளிடுவேன்."

பலராமன் சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துத் தோல்பையில் வைத்துவிட்டு, காயினைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பதினொரு வருஷப் பழக்கம். கை தானாகச் செய்தது.

இந்தப் பக்கத்தில் பத்து ரூபாய் காயினை எவனும் தொடமாட்டான். மேலே பத்துக் கோடு இருந்தால் ஒரிஜினல், பதினைந்து கோடு இருந்தால் டூப்ளிகேட் என்று எப்போதோ எவனோ கிளப்பிவிட்டான். அதுவும் செல்லும், இதுவும் செல்லும் என்று பேங்கில் நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தார்கள். நோட்டீஸ் கிழிந்ததுதான் மிச்சம். பாகூரிலிருந்து புதுச்சேரி வரை அதை முகம் சுளிக்காமல் வாங்குகிற ஒரே ஆள் பலராமன். முதலில் இரக்கப்பட்டுத்தான் வாங்கினான். பிறகு ஒருநாள் பார்லிமெண்ட் படம் போட்ட ஒன்று வந்தது. அடுத்த மாதம் அம்மன் படம் போட்டது. அதற்கடுத்து தென்னை மரம். அடியில் புள்ளி இருந்தால் ஓர் ஊரில் அடித்தது, நட்சத்திரம் இருந்தால் வேறோர் ஊரில் அடித்தது என்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்டான். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. ஆல்பம் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை அதற்கே எழுதிக் கொடுத்தான். வேறு எதிலும் பெயரெடுக்காத ஒரு மனிதனுக்கு, கிருமாம்பாக்கத்தில் யாராவது வெளியூர் ஆள் வந்தால் "பலராமன் வூட்ல ஒரு ஆல்பம் இருக்குது, போய்ப் பாருங்க" என்று சொல்கிற அளவுக்கு அது பெயர் வாங்கிக் கொடுத்தது.

வந்தவர்களுக்கு அவன் முதலில் திறந்து காட்டுவது பதினோராம் பக்கம். அதில் இருந்தவை எல்லாம் மஞ்சள் ஏறிய காயின்கள். பத்தொன்பது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், புருஷனுக்கு ஆபரேஷன் என்றால், ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். காரியம் நல்லபடி முடிந்தால் அது உண்டியலுக்குப் போக வேண்டும். ஆனால் மாதக் கடைசியில், கையில் வேறு காசே இல்லாத ஒரு காலையில், அந்த முடிச்சை அவிழ்த்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. அப்படி ஒருத்தி நான்கு வருஷத்துக்கு முன்னால் தவளக்குப்பத்தில் ஏறினாள். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். தென்னை மரம் போட்ட காயினை நீட்டிவிட்டு, வெறும் துணியை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். எங்கே போகணும் என்றதற்கு, "பெரியாஸ்பத்திரி" என்றாள். அந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் பலராமன் ரசித்துச் சொல்வான். அவன் மனைவி உஷாராணி காபி டம்ளரை வைத்துவிட்டு, கதை முடிவதற்குள் உள்ளே போய்விடுவாள்.

மகள் செல்வகுமாரியின் வளைகாப்புக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோதுதான் அவ்வளவு காயினும் போனது. பெயிண்டர் இன்னாசிமுத்து இரண்டு தெரு தள்ளி இருப்பவன். பீரோவை ஹாலுக்கு இழுத்துப் போட்டு நான்கு நாள் வேலை செய்தான். ஐந்தாம் நாள் பலராமன் ஆல்பத்தைத் திறந்தால் எல்லாப் பிளாஸ்டிக் உறைகளும் காலி. ஆல்பம் இருக்கிறது, காசு இல்லை. பீரோவில் இருந்த மகளின் வெள்ளிக் கொலுசு அப்படியே இருக்கிறது. விசாரிக்க வந்த போலீஸ்காரர்கூட ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவசரக்காரன் ஆல்பத்தோட தூக்கிக்கினு போயிருப்பான். இது ஒக்காந்து நிதானமா எடுத்த கை" என்றார். பலராமனுக்கு அது காதிலேயே விழவில்லை. அவன் அதற்கு முந்தைய நாளே முடிவு கட்டிவிட்டிருந்தான். காலை ஏழு பத்துக்கு, கிருமாம்பாக்கம் ஸ்டாப்பில், பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஏற வந்த இன்னாசிமுத்துவின் தோளில் கை வைத்து, "காயினக் குடுத்துடு இன்னாசி. வெளிய தெரியாம முடிச்சிக்கலாம்" என்று வெளியே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சொல்லியிருந்தான்.

இன்னாசிமுத்துவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ஒரு பகல் முழுக்க உட்காரவைத்து விசாரித்தார்கள். வீட்டையும் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, அனுப்பிவிட்டார்கள். ஊர் அனுப்பவில்லை. இப்போதெல்லாம் அவனைக் காம்பவுண்டு சுவர் அடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள், வீட்டுக்குள் விடுவதில்லை. அவனும் அன்றிலிருந்து பலராமனின் பஸ்ஸில் ஏறுவதில்லை. ஹேண்டில்பாரில் இரண்டு பெயிண்ட் டப்பாக்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் போகிறான். ஊரைத் தாண்டி, கரும்பு வயல் ஓரத்தில் தினமும் பஸ் அவனை முந்திக்கொண்டு போகும். அந்த நேரத்தில் பலராமன் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பான்.

இருபத்து மூன்று நாட்களாக அவனுக்கு ஒரே வேண்டுதல்தான். அந்த ஆள் திருடனாகவே இருக்க வேண்டும்.

இப்போது ஒரு காயின் கிடைத்துவிட்டது. புதுச்சேரியில் பஸ்ஸைப் போட்டதும் டீக்கடையில் அன்புராஜிடம் அதை வைத்துக் காட்டினான்.

"பாத்தியா மச்சான்? போலீஸ் வந்ததும் பயந்துட்டான். வெளிய விக்க முடியாது, வூட்ல வைக்க முடியாது. கொண்டுபோய் உண்டியல்ல கொட்டிட்டான்."

அன்புராஜ் டீயை ஊதினான். "யாரு, இன்னாசியா?"

"வேற யாரு?"

"அவன் ஞாயித்துக்கிழம தவறாம மாதா கோயிலுக்குப் போறவன். அங்கயும் உண்டியல் இருக்குதுல்ல? அத வுட்டுட்டு, பாகூர் வரைக்கும் சைக்கிள மிதிச்சிக்கினு வந்து அம்மனுக்கு ஏன்டா போடப் போறான்?"

பலராமனின் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. அதை அவன் குடிக்கவில்லை.

திரும்பிப் போய், மறுபடி ஏழு பத்துக்குக் கிருமாம்பாக்கம் வந்தபோது இன்னாசிமுத்துவின் மனைவி சகாயராணி ஏறினாள். அரியாங்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. அவளுக்கு இந்த பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. தினமும் சரியான சில்லறையை நோட்டாக எடுத்து வைத்திருப்பாள். பேசமாட்டாள். இன்றைக்குப் பலராமன் அவள் கையையே உற்றுப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது.

"நோட்டுதான் கண்டக்டரே. காயின் இல்ல. நல்லா விரிச்சிப் பாத்துக்கங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் மூன்று சீட்டு தள்ளியும் கேட்டது. "உங்க வூட்டு வேலைக்கு டைல்ஸ்காரர் வந்தாரு, கரண்ட்டுக்காரர் வந்தாரு, பீரோ தூக்க ரெண்டு பேர் வந்தாங்க. கை எங்க வூட்டுப் பக்கம் மட்டும் நேரா வந்துச்சு பாருங்க. அது எப்படின்னுதான் நானும் தெனம் யோசிச்சிக்கினே வரேன்."

யாரோ செருமினார்கள். பின்சீட்டில் ஒரு காலேஜ் பெண் காதிலிருந்து ஹெட்போனை எடுத்தாள். பலராமன் டிக்கெட்டைக் கிழித்தான், கோணலாகக் கிழிந்தது. வேறொன்று கிழித்துக் கொடுத்தான்.

பாகூரில் பத்து மணிக்கு முக்கால் மணி நேரம் ஓய்வு. பலராமன் சாப்பிடவில்லை. ஏரிக்கரைக்கு நடந்தான், பாதி தூரம் நடை, மீதி ஓட்டம். கோயிலில் பூசாரி அய்யனார் மட்டும் இருந்தார். படிக்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்து குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா கண்டக்டரே! இன்னா, அம்மனுக்கே டிக்கெட் குடுக்க வந்துட்டியா?"

"உண்டியல்ல பத்து ரூபா காயின் நெறைய வந்துச்சாமே?"

"வந்துச்சாவா? கமிட்டிக்காரனுங்க எண்ணி எண்ணி வாய்விட்டுத் திட்டுனானுங்க. கடைக்காரனும் வாங்கல. பூக்காரிக்கும் மேளக்காரனுக்கும் அதையே குடுத்துத் தீத்தானுங்க." அய்யனார் விளக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சும்மா போடல பாரு. மஞ்சத்துணி முடிச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, பத்தொம்போது. ஒவ்வொண்ணுக்குள்ளயும் பத்து, பன்னெண்டு. உண்டியல் வாயில நொழையிற அளவுக்குப் பாத்துப் பாத்துக் கட்டுனது. எந்த மகராசியோ."

"பொம்பளைன்னு எப்படித் தெரியும்?"

"நாம கட்டுனா இழுத்து முடி போட்டுடுவோம். இது, தொறக்கிறவனுக்குக் கஷ்டம் இருக்கக் கூடாதுன்னு கட்டுன முடிச்சு. ஒரு இழுப்புல அவுந்துச்சு."

பத்தொன்பது. அந்த எண் பதினோராம் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பார்த்து, எண்ணி, மனதில் வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"துணியெல்லாம் எங்க?"

"எரிக்கச் சொன்னாங்க. நல்ல கெட்டித் துணி, மனசு வரல." அய்யனார் கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். "வௌக்குத் தொடைக்க இதமாதிரி வராது."

எண்ணெய்க் கறையும் மஞ்சளுமாக ஒரு துண்டுத் துணி. மஞ்சள் நீரில் எத்தனை முறை முக்கியெடுத்தும் அடியிலிருந்த காக்கி மறையவில்லை. ஓரத்தில் ஒரு பொத்தான் காஜா. காஜாவைச் சுற்றி நீல நூல். அவனுடைய பழைய யூனிபார்ம் சட்டையில், காக்கி நூல் தீர்ந்துபோய் நீல நூலால் அந்தக் காஜாவை அடித்துக் கொடுத்தவள் யார் என்று பலராமனுக்குத் தெரியும். அந்தச் சட்டை எங்கே என்று போன மாதம் கேட்டதற்கு, பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்று சொன்னவளும் அவள்தான்.

மத்தியான டிரிப்புக்கு மாற்று ஆளை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தான். உஷாராணி ஹாலில் உட்கார்ந்து வளையல்களை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. வெள்ளிக்கிழமை வளைகாப்பு. புது வெள்ளைச் சுவரில் வளையல் வெளிச்சம் தெறித்து ஆடியது. பூசாரியிடம் வாங்கி வந்த துணியை அவன் அவள் முன்னால் வைத்தான்.

அவள் அதை ஒருமுறை பார்த்தாள். கோப்பதை நிறுத்தவில்லை.

"எரிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"ஏன்டி?" கத்தத்தான் நினைத்தான். காற்றுதான் வந்தது.

"நம்ம பொண்ணுக்கு ரெண்டு தடவ கலைஞ்சிடுச்சு மாமா. ரெண்டு தடவையும் அஞ்சாம் மாசம். ரெண்டாவது தடவ அவ ஆஸ்பத்திரியில இருந்து வந்து அந்த ரூம்லதான் படுத்திருந்தா. நீ இங்க ஒக்காந்து, வந்தவங்களுக்குப் பதினோராம் பக்கத்தக் காட்டிக்கினு இருந்த. ஒருத்தி பல்லால அவுத்தாளாமே. அவ புள்ளைக்கு முடிஞ்சதோ, புருஷனுக்கு முடிஞ்சதோ. அது போய்ச் சேர வேண்டிய எடம் ஒண்ணு இருக்குதுல்ல? அங்க போவாம நம்ம பீரோவுல, நம்ம பொண்ணு கொலுசுக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்துச்சு. நான் கொண்டுபோய்ச் சேத்தேன்."

"மஞ்சள் இருந்தத மட்டும் எடுத்திருக்கலாம்ல? இருநூத்துப் பன்னெண்டும்..."

"கழுவிட்டுக் குடுத்தவளுங்க எத்தன பேருன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அதான் எல்லாத்தையும் போட்டேன்."

"போலீஸ் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே உஷா."

"சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப? உண்டியலத் தொறங்கன்னு போய் நின்னிருப்ப. நின்னிருப்பியா, மாட்டியா?"

நின்றிருப்பான். கமிட்டிக்காரர்கள் காலில் விழுந்தாவது திறக்க வைத்திருப்பான். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"போட்டத திருப்பி எடுத்தா எம் பொண்ணுக்கு இன்னா ஆவும்னுதான் என் வாய அடச்சுது. இப்ப ஏழு மாசம் ஆவுது. புள்ள நல்லா ஒதைக்குதாம்."

"இன்னாசிமுத்து?"

வளையல் சத்தம் நின்றது. உஷாராணி நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று தடவை கூவி ஓய்ந்தது.

"நான் ஒரு நாளும் அவர் பேரச் சொல்லல. நீதான் சொன்ன." பிறகு, கோத்து முடித்த வளையல் சரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆனா வூட்ல ஒக்காந்து நீ சொல்லி முடிவு பண்றப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அதான் தூக்கம் வரமாட்டேங்குது."

அவன் எழுந்து வாசல் வரை போனான். திரும்பி வந்தான். பீரோவைத் திறந்தான். மூடினான். எதற்குத் திறந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுத்துக்க மாமா" என்றாள் உஷாராணி. "நாலு சனம் வர்ற வூடு. சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க. அது முடியட்டும். அப்புறம் நீ யார்கிட்ட வேணா சொல்லு, நான் வந்து பக்கத்துல நிக்கிறேன்."

மூன்று நாள்தான். இருபத்து மூன்று நாள் போனதுபோல இன்னும் மூன்று நாள். நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலை முழுக்க அதை நியாயம் என்றே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை மணியம்மாள் இன்னொரு காயினை நீட்டினாள். மஞ்சள் இல்லாதது. "நீயே வெச்சிக்கோ மணியம்மா, டிக்கெட் நான் போட்டுக்கிறேன்" என்றான். அவள் விடவில்லை. "இன்னாப்பா, உனக்கும் செல்லாமப் போச்சா?" என்று அவன் கையில் திணித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். இரண்டு காயின்களும் சட்டைப்பையில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. பஸ் குலுங்கும்போதெல்லாம் நெஞ்சில் தட்டின. ஆயிரம் சில்லறை குலுங்கும் தோல்பை இடுப்பில் இருந்தும், அவனுக்கு அந்த இரண்டின் சத்தம்தான் தனியாகக் கேட்டது.

ஏழு பத்து. கிருமாம்பாக்கம். சகாயராணி ஏறினாள். நோட்டை நீட்டினாள். இன்று ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். பலராமன் டிக்கெட் கொடுத்தான். இரட்டை விசில். பஸ் ஊரைத் தாண்டியது. கரும்பு வயல் தொடங்கியது.

தூரத்தில் சைக்கிள் தெரிந்தது. இரண்டு பக்கமும் டப்பாக்கள் ஆட, எதிர்க்காற்றில் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தான் இன்னாசிமுத்து. எதிர் ஜன்னலைப் பார்க்க வேண்டிய நேரம். பலராமன் கழுத்து திரும்பத்தான் போனது. ஜன்னல் கண்ணாடியில் சகாயராணியின் முகம் தெரிந்தது. அவளும் அந்த சைக்கிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் அதைத் தாண்டும் வரை, தாண்டிய பிறகும், கழுத்தை வளைத்துப் பார்த்தாள். தினமும் அவள் இப்படித்தான் பார்க்கிறாள் என்பது பலராமனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒற்றை விசில். நீளமாக.

அன்புராஜ் பிரேக்கில் ஏறி நின்றான். நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். "இங்க எங்கடா ஸ்டாப்பு?" என்று கத்தினான். பலராமன் படியில் இறங்கிவிட்டிருந்தான். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. சகாயராணி எழுந்து நின்று கம்பியைப் பிடித்தாள்.

பஸ் நின்றதைப் பார்த்து இன்னாசிமுத்து இருபதடி தள்ளியே நிறுத்தினான். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். விரல்களில் காய்ந்த வெள்ளை. டப்பாக்கள் இரண்டும் ஆடி ஆடி ஓய்ந்தன. பின்னால் ஒரு கரும்பு லாரி ஹாரன் அடித்தது.

பலராமன் நடந்தான். தோல்பை இடுப்பில் இடித்துச் சலசலத்தது. அன்புராஜ் கண்ணாடியில் பார்த்தபடி, ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்துக்கொண்டு, இரட்டை விசிலுக்காகக் காத்திருந்தான். இன்னும் பத்தடி இருந்தது. ஐந்தடி. பலராமன் பல்லில் கடித்திருந்த விசிலை வாயிலிருந்து எடுத்தான். அது கயிற்றோடு விழுந்து, சட்டைப்பையில் இருந்த காயின்களில் பட்டு, ஒருமுறை ஒலித்தது.